மணி அடிக்காத சோதனை

டீ நன்றாகத்தான் இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். அந்த மூன்று மதகுருமார் மேல் எனக்குத் துளிக் கோபமும் கிடையாது.

கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி ஒழுங்காக அடிக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. அதற்காகத்தான் அந்த அரங்கத்துக்குப் போனேன். மேடையில் மூன்று மதங்களின் குருமார். சாத்தான் உண்மையிலேயே கெட்டவனா என்று கருத்தரங்கு.

தாடிக்காரர், அவன் அடியோடு கெட்டவன் என்றார். ஒல்லியானவர், அப்படி ஒருவன் கிடையவே கிடையாது, எல்லாம் மனப்பிரமை என்றார். முதலில் யார் பேசுவது என்பதிலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் மட்டும் நிதானமாக, “அவன் கடவுள்கிட்ட வேலை பாக்கிறவன். நம்ம உறுதியைச் சோதிக்கிறதுதான் அவன் உத்தியோகம்” என்றார்.

எனக்கு மேனி சிலிர்த்தது. என் மனைவி, “நீ மனுஷனே இல்ல, சாத்தான்” என்று சொல்லிவிட்டுத்தான் தாய்வீட்டுக்குப் போனாள். அந்தச் சொல் உள்ளே முள்ளாகக் கிடந்தது. எழுந்து கண்ணாடிக்காரரிடமே கேட்டேன்.

“ஐயா, சோதிக்கிறப்போ யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?”

“பரீட்சை வைக்கிற வாத்தியார் மேல தப்பு சொல்ல முடியுமா, தம்பி?”

கூட்டம் கைதட்டியது.

மணி அடித்தால் இப்போதெல்லாம் யாரும் அசைவதில்லை சார். சோதனைதானே என்று காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மணியின் கம்பியைக் கழற்றினேன். இடைவேளையில் கூட்டம் வெளியே போகும்வரை காத்திருந்தேன். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான் ஈவிரக்கமில்லாதவன் அல்ல. மேடைக்குப் பின்னால் மூவரும் ஓய்வெடுத்த அறையை வெளியே பூட்டிவிட்டு, கம்பி போட்ட ஜன்னல் வழியாகத் திரைச்சீலையைக் கொளுத்தினேன்.

“சோதனைதான் ஐயா, பதறாதீங்க” என்று சொல்லவும் செய்தேன்.

சாத்தானே இல்லை என்றவர், “சாத்தானே, கதவைத் திறடா” என்றார். அவன் அடியோடு கெட்டவன் என்ற தாடிக்காரர், “தம்பி, நீங்க தங்கமான பிள்ளை” என்று கெஞ்சினார். இருவருமே விடையை மாற்றிவிட்டார்கள். இருவரும் பிழைக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

கண்ணாடிக்காரர் இருமிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மருத்துவமனையில் கண் விழித்துவிட்டாராமே. எனக்காக அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள் சார். பரீட்சை வைத்தவன் மேல் தப்பில்லை என்று இன்னமும் சொல்கிறாரா? முடிந்தால், என் மனைவியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு கேளுங்கள்.