சாம்பல் நிறத்துக்காரியின் மணவாடை

தலைமைப் பீடத்தில் வீற்றிருக்கும் எங்கள் வண்ணப் பட்டறையின் உரிமையாளர் மதாம் வொக்லேன் அவர்களே! பாரிஸ் மாநகரின் பகட்டுக்கெல்லாம் வண்ணம் தீட்டி வாடிய கரங்களை உடைய தாய்மார்களே! புனித கத்தரீன் திருநாளில் பச்சையும் மஞ்சளுமாய்த் தொப்பி சூடி, முன்வரிசையில் கலகலக்கும் மணமாகாத தங்கைகளே! படங்களுக்கு உதட்டுச் சிவப்பு இடும் சொலாஞ்ஜின் வணக்கம்.

என்ன, "உனக்கு எப்போ கல்யாணம்?" என்றா கேட்கிறீர்கள்? அது கிடக்கட்டும். நான் பேச வந்தது வேறொருத்தியின் கல்யாணத்தைப் பற்றி.

நாகரிகப் பத்திரிகைகளின் நங்கையர் படங்கள் நம் மேஜையில்தானே நிறம் பெறுகின்றன? வடிவம் வெட்டிய தகட்டின் துளைவழியே ஆளுக்கொரு நிறம் தீட்டுகிறோம். உருவம் காட்டும் கருங்கோடு அச்சில் விழுவதோ கடைசியில், பூட்டிய அறையில். அதுவரை கவுன் எது, கழுத்து எது, யார் கண்டார்?

முதல் நிறம் சாம்பல். அது என் மேஜைத் தோழி கிளெமான்ஸின் நிறம். சாம்பல் திட்டுகளையன்றி வேறெதையும் அவள் கண்டதில்லை. சென்ற வசந்தத்தில் மணமகள் படம் ஒன்று வந்தது. அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம்.

"மதாம், கோடு விழுந்ததும் ஒரு தாள் காட்டுங்களேன். எங்க தையக்காரி அதே மாதிரி தச்சிடுவா" என்று கெஞ்சினாள்.

"நல்லா இருக்கே கதை! பத்திரிகை வர்றதுக்கு முன்னாடி தையக்காரி கண்ணுல பட்டா, ஊரு பூரா அதே கவுன்தான் நடக்கும்" என்றார் தலைவர் அவர்கள். அம்மையாரே, முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் வாயைக் கட்டியது அந்தக் கவுனை விற்கும் ஆடை நிறுவனம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அக்காளின் பழைய கவுனில் அவள் தேவாலயப் படி ஏறினாள்.

சில வாரம் கழித்து, படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றின் கண்ணாடிக்குள் அந்தப் படம்! பத்திரிகையிலிருந்து பிரித்துப் பொன்சட்டம் இட்டிருந்தார்கள். கிளெமான்ஸ் என் கையை இழுத்தாள்.

"அடியே, பாருடி என்ன அழகு! போட்டா இப்படி ஒண்ணு போட்டிருக்கணும். நமக்கெங்க கிடைக்கும்?"

"நம்ம மேஜையில போனதுதாண்டி. உதட்டைப் பாரு, நான் வச்ச சிவப்பு. நீ கேட்டியே, அதேதான்."

அவள் அழவில்லை. பாவாடை மடிப்பைக் காட்டினாள். "அப்ப இந்த நிழலு?"

"உன்னோடது."

கண்ணாடிமேல் மெல்லக் கை வைத்தாள். உள்ளேயிருந்து கடைக்காரர் அதட்டினார்: "ஏம்மா, கையை எடு! கறை படியுது!"

யாருக்குத்தான் மனம் தாங்கும், தாய்மார்களே? அவள் நகக்கண்ணில் படிந்த சாம்பல்தானே அந்தப் பட்டுக்குப் பளபளப்பு! கை தட்டாதீர்கள், இது கைதட்டும் கதையல்ல.

ஓவியர் பெயர் மூலையில் இருக்கட்டும்! நிறுவனத்தின் பெயர் அடியில் இருக்கட்டும்! எங்கள் பெயர் வேண்டாம், பரிசும் வேண்டாம். பத்திரிகை கடைக்குப் போன மறுநாளாவது, முடிந்த தாள் ஒன்றை இந்த மேஜையைச் சுற்றி அனுப்புங்கள், அம்மையாரே! நாங்கள் எதைச் செய்தோம் என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, பார்த்துக்கொள்கிறோம்!

கல்யாணம் முடிந்துவிட்ட கிளெமான்ஸுக்கு இனி அது உதவாது. இந்தத் தங்கைகளின் கல்யாணமாவது மிச்சம் இருக்கிறது.

பொறுத்துக் கேட்ட உங்கள் பெருமனத்துக்கு நன்றி கூறி, திருநாள் வாழ்த்தோடு அமர்கிறேன்.