வேட்டித் தொட்டிலில் பரங்கிக்காய்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். இளையவளின் சேலை ஓரத்தில் பீங்கான் கம்பெனியின் வெள்ளை மண் ஒட்டியிருந்தது. ஒட்டுக் கேட்கக் கூடாதுதான். எனக்கு வேறு வேலையும் இல்லை.

“வூட்டுக்காரரு வேட்டியக் கிழிச்சித் தொட்டில் கட்டிட்டேங்க்கா.”

“யாருக்குடி?”

“பரங்கிக்காய்க்கு. கொல்லையில ரெண்டு பாய் விரிக்கிற எடந்தான். அதான் கொடிய ஓட்டு மேல ஏத்திவுட்டேன். காயி ஓரத்துல தொங்குது. ஒரு ஆளால தூக்க முடியாது.”

“அறுத்து நாலு வூட்டுக்குக் குடுக்க வேண்டியதுதான?”

“முழுக்காயில மொத வெட்டு ஆம்பள கைதான போடணும்? இவரு ஒரு மாசமா கோவிச்சிக்கிட்டு, சேத்தியாத்தோப்புல தங்கச்சி வூட்டுல குந்தியிருக்காரே.”

“பக்கத்து வூட்டு அண்ணனக் கூப்புடு.”

“எங்க வூட்டுக் காய அவரு ஏன் வெட்டணும்? வந்து வெட்டிக் குடுத்துட்டுப் போங்கன்னு இவருக்கே சொல்லி அனுப்புனேன்.”

“என்ன சொன்னாரு?”

“இன்னும் பெருக்கட்டும்னாரு.”

வரிசை நகர்ந்தது. இளையவள் காலி டின்னைக் கை மாற்றிக்கொண்டாள்.

“அன்னையிலேர்ந்து அதுக்குத் தண்ணி ஊத்தறத நிறுத்திட்டேன்.”