மேடம் கார்டு மேஜையை விட்டுப் போனால்

— அப்படியெல்லாம் கிடையாதுக்கா. மேடம் கார்டு மேஜையை விட்டுப் போயிடுச்சுன்னா, அது போட்ட ஆர்டரும் கூடவே போயிடும். ரூல்னா ரூல்.

— எப்ப வந்துச்சு இந்த ரூல்? நேத்து வரைக்கும் இல்லையே. நீ தோக்கப் போறேன்னு தெரிஞ்சா மட்டும் புதுசா ஒண்ணு முளைக்குது.

— நான் ஏன் தோக்கப் போறேன்? டிரான்ஸ்ஃபர் கார்டு போட்டேன், உங்க மேடம் எழுந்து போயாச்சு. 'யாரும் டீ குடிக்கக் கூடாது'ன்னு அவங்க போட்ட ஆர்டரும் செத்துப்போச்சு. இப்ப நான் டீ கார்டு போடறேன். என் மெக்கானிக் கார்டு ரெண்டும் எழுந்து உக்காரும். ஆட்டம் முடிஞ்சுது.

— கையை எடு. டீயை உள்ள வை. தம்பி, பதினாலு வருஷமா இந்த ஸ்டோர்ல குப்பை கொட்டறேன். எத்தனை மேனேஜர் வந்தாங்க, எத்தனை மேனேஜர் போனாங்க. ஒருத்தர் போட்ட ஆர்டராவது அவங்க கூட வண்டி ஏறிப் போயிருக்கா? ரிப்பேருக்கு வர்ற தண்ணி மீட்டருக்கெல்லாம் மூடில நீல பெயிண்ட் அடிச்சுத்தான் அடுக்கணும்னு ஒருத்தர் சொன்னார். அவர் ரிட்டயர் ஆகி, பேரனுக்குப் பல்லு முளைச்சாச்சு. நான் இன்னும் நீல பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருக்கேன்.

— அது ஆபீஸ்க்கா. இது கேம்.

— நீ வரைஞ்ச இந்தக் கேம்ல இருக்கறது பூரா நம்ம ஆபீஸ்தானே. ஜெராக்ஸ் மிஷின் கார்டுல என்ன எழுதி வெச்சிருக்கே? 'அவசரம் என்றால் வேலை செய்யாது.' இது கேமா ஆபீஸா, நீயே சொல்லு.

— அப்ப உங்க ஸ்டோர் கார்டுக்கு வருவோம். 'யார் எது போட்டாலும் ஸ்டாக் இல்லை என்று தடுக்கலாம்.' போன வாரம் நான் ஆடிட்டர் கார்டு போட்டேன். அதையும் ஸ்டாக் இல்லைன்னீங்க. ஆடிட்டர் என்ன நட்டா போல்ட்டா, ஸ்டாக் இல்லாமப் போறதுக்கு?

— வந்த மனுஷனை வாசல்லயே திருப்பி அனுப்பினேன். அதுக்குத்தானே ஸ்டோர்.

— நான் என் ஸ்டோர் கார்டைப் போட்டு, உங்க 'ஸ்டாக் இல்லை'யே ஸ்டாக் இல்லைன்னேன்.

— அதுக்கு மேல நான் ஒண்ணு போட்டேன், அதுக்கு மேல நீ ஒண்ணு போட்டே. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு டப்பாவைத் திறக்காமலே மூடினோம். ஆடிட்டர் இன்னும் வாசல்லதான் நிக்கறார். அது கிடக்கட்டும். இன்னைக்கு உன் மூஞ்சியே சரியில்லை. டிரான்ஸ்ஃபர் அப்ளிகேஷன் விஷயமா?

— நாலு மாசமா மேடம் டேபிள்ல தூங்குதுக்கா. ஒரு கையெழுத்து. போட்டாங்கன்னா பொண்டாட்டி இருக்கற ஊருக்கே போயிடுவேன். அவளுக்கு அங்க ஆஸ்பத்திரி வேலை, விட்டுட்டு வர முடியாது. போன தடவை நான் போய் வாசல்ல நிக்கறேன். என் பொண்ணு என்னைத் தாண்டிப் போய், அப்பா வேணும்னு அவங்கம்மா போனைக் கேக்குது. நான் போனுக்குள்ள இருக்கற ஆளாம்.

— அடப் பாவமே.

— சிரிக்கறீங்க.

— சிரிப்பு வருதே, என்ன பண்ண. வருத்தமாவும் இருக்கு. போடுவாங்க தம்பி, எங்க போயிடும் கையெழுத்து. நீ போயிட்டா இங்க திரும்பவும் நானும் இந்த அலமாரில இருக்கற வால்வும்தான். நீ வர்றதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் அதுங்க மூஞ்சியைப் பாத்துத்தான் சோறு தின்னேன். ஒண்ணாவது 'குழம்புல உப்பு இருக்கா'ன்னு கேட்டதில்லை.

— கார்டு பூரா உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்க்கா. காலையிலகூட ஒன்பது கார்டு புதுசா, ஒரே தாள்ல வரைஞ்சு ஜெராக்ஸ் போட்டேன். இதோ பாருங்க.

— நல்லாத்தான் இருக்கு. இது காப்பி. கையால வரைஞ்ச தாள் எங்க?

— அதுவா. அது வந்து.

— எங்க?

— மிஷின் கண்ணாடி மேலயே இருக்குக்கா.

— அதுல மேடம் கார்டு இருக்கா?

— நட்ட நடுவுல. மூக்குக் கண்ணாடி எல்லாம் போட்டு.

— ஓடு. ஓடிப் போய் எடுத்துட்டு வா.

— ஒரு நிமிஷம். ஓட வேண்டாம். தாள் என் கையிலதான் இருக்கு.

— மேடம். வாங்க மேடம். அந்தப் பெட்டி மேல உக்காராதீங்க, கிரீஸ். தம்பி, மேடத்துக்கு ஸ்டூலைப் போடு.

— நின்னுக்கறேன். காலையில மாச ரிப்போர்ட்டை அந்த மிஷின்ல வெச்சு பெரிய ஆபீசுக்கு ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். முதல் பக்கம் மட்டும் ஏற்கெனவே அங்க படுத்திருந்த ஒரு தாள் மேல படுத்துக்கிச்சு போல. போனது ரிப்போர்ட் இல்லை, இது. இப்பதான் போன் வந்துச்சு. 'சக்தி ஏழு, கோபம் ஒன்பதுன்னு போட்டிருக்கு, இது எந்த மீட்டரோட ரீடிங் மேடம்'னு கேக்கறாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க மேடம்?

— சரிபார்த்துச் சொல்றேன்னேன். அதான் வந்திருக்கேன்.

— மேடம், தப்பு என்னோடதுதான். அக்காவுக்கு இதுல சம்பந்தம் இல்லை. என் அப்ளிகேஷனை மட்டும் இதோட சேர்த்துப் பாக்காதீங்க.

— ஒரு நிமிஷம். வரிசையா வருவோம். கோபம் ஒன்பது, ஆட்சேபணை இல்லை. சக்தி ஏழு. பக்கத்துக் கார்டு வாஷர், அதுக்கு எட்டு. ஒரு ரப்பர் வளையத்தைவிட நான் எப்படி ஒண்ணு கம்மி?

— வாஷர் இல்லாட்டி மீட்டர் ஒழுகும் மேடம். நீங்க ரெண்டு வாரம் லீவுல போனப்ப எதுவும் ஒழுகலை.

— தம்பி, நீ கொஞ்சம் சும்மா இரேன்.

— இருக்கட்டும், காரணம் சொல்றார். அடுத்தது. 'மேடம் ஒவ்வொரு முறையும் ஓர் ஆர்டர் போடலாம். எல்லோரும் கட்டுப்பட வேண்டும்.' சரி. மேடம் மேஜையை விட்டுப் போயிட்டா அந்த ஆர்டர் என்ன ஆகும்? இதுல எழுதலையே. ரூல்ல பெரிய ஓட்டை இது.

— அதைத்தான் மேடம் நானும் இவ்வளவு நேரமா கத்தறேன். உங்க ஆர்டர் அப்படியே நிக்கும். நீங்க எங்க போனாலும் நிக்கும். கல்லுல வெட்டின மாதிரி.

— எனக்கு ஐஸ் வைக்க வேண்டாம். கார்டு எழுதினவர் சொல்லட்டும்.

— செல்லாது மேடம்.

— தம்பி.

— இல்லக்கா, மேடமே கேக்கறாங்க. மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கார்டு இருக்கற வரைக்கும்தான் அதோட பேச்சு. ஆளு எழுந்து போனதுக்கப்புறமும் ஆர்டர் நின்னா, புதுசா வர்றவர் என்ன பண்ணுவார்? மேஜை முழுக்கப் பழைய ஆர்டரா நிறைஞ்சு கார்டு வைக்கவே இடம் இருக்காது. ஆளு போனா ஆர்டரும் போச்சு. ரூல்னா ரூல்.

— நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?

— ராத்திரியெல்லாம் தூங்காம யோசிச்சது மேடம்.

— டீ கார்டு போடறதுக்காக பத்து நிமிஷம் முன்னாடி யோசிச்சது மேடம்.

— எதுவா இருந்தாலும் வாய்ப் பேச்சு எனக்கு ஆகாது. இந்தாங்க தாள், இந்தாங்க பேனா. என் படத்துக்குக் கீழ எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தேதியும் போடுங்க.

— 'மேடம் போனால் மேடம் போட்ட ஆர்டர் எதுவும் செல்லாது.' போட்டாச்சு மேடம். பாத்தீங்களாக்கா, இனிமே நீங்க பேசவே முடியாது. டீயை இறக்கறேன்.

— டீ இருக்கட்டும். இப்ப நான் வந்த இன்னொரு விஷயம். எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை கிளம்பறேன். திங்கக்கிழமை புது மேனேஜர் வர்றார்.

— என்ன மேடம் இது, திடீர்னு.

— டேபிளைக் காலி பண்ணும்போது அடியில உங்க அப்ளிகேஷன் இருந்துச்சு. நாலு மாசம் தூங்கவிட்டது என் தப்பு. காலையில ஆர்டர் போட்டு அனுப்பிட்டேன். ஒண்ணாம் தேதி நீங்க உங்க மனைவி ஊர்ல வேலைக்குச் சேரணும்.

— மேடம். இப்பவே வீட்டுக்குப் போன் போடறேன் மேடம்.

— ஒரு நிமிஷம். ஒண்ணாம் தேதி நான் இங்க இருக்க மாட்டேனே. நீங்க எழுதிக் குடுத்தபடி பாத்தா, நான் போனதும் என் ஆர்டர்...

— அந்தத் தாளைக் குடுங்க மேடம்.

— எதுக்கு?

— அடிச்சுடறேன். பொய் ரூல் மேடம் அது, ஒரு டீக்காக எழுதினது. அக்கா சொன்னதுதான் சரி. ஆர்டர் நிக்கும், ஆயுசுக்கும் நிக்கும். அக்கா, சொல்லுங்கக்கா. அந்த நீல பெயிண்ட் கதையைச் சொல்லுங்க.

— சொல்லுங்க ஸ்டோர் கீப்பர். ஆர்டர் நிக்கும்னு அவ்வளவு நேரம் வாதாடினது நீங்க. அவர் ஒரு பக்கம் எழுதிட்டு இன்னொரு பக்கம் பேசறார். அதனால கடைசி வார்த்தை உங்களோடது. அதையே வெச்சுக்கறேன்.

— அக்கா.

— இரு தம்பி.

— அக்கா, ஏன் வால்வையே பாத்துக்கிட்டிருக்கீங்க?

— நானும் அப்போலேருந்து யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன் மேடம். தம்பி முதல்ல சொன்னதுதான் சரின்னு படுது. ஆளு போனா ஆர்டரும் போச்சு. ரூல்னா ரூல்.