வெள்ளையைச் சிவப்பென்ற வண்டி

தெஹியோவிட்டவிலிருந்து அவிசாவளைக்குப் போகும் பஸ். முன் சீட்டில் சீருடையில் இரண்டு மாணவிகள். ஒருத்தியின் மடியில் பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த சின்ன வண்டி. அதன் வயிற்றிலிருந்த கலர் சென்சரிலிருந்து வயர்கள் ஒரு போர்டுக்கும், போர்டிலிருந்து சின்னத் திரைக்கும் ஓடின.

“என் வெள்ளை யூனிபோமையும் சிவப்புன்னு சொல்லுதுடி” என்றாள் கண்ணாடி போட்டவள். அப்போதுதான் காதைக் கொடுத்தேன்.

“கொண்டு வந்த பச்ச எலையக் காட்டு.”

“அதும் சிவப்பு. நேத்து சரியாத்தானே சொல்லிச்சு? வயர மாத்திக் குத்திட்டியா?”

“மூணு வாட்டி கழட்டிப் பார்த்துட்டேன்.”

“சென்சர் எரிஞ்சிருக்குமோ?”

“அப்படிச் சொல்லாதடி. வேற சென்சர் இல்ல. எறங்கினதும் போட்டி.”

“வீட்டுல யாராச்சும் தொட்டாங்களா?”

“இல்ல. காலையில அப்பா சாமிகிட்ட வச்சுக் கும்பிட்டாரு, அவ்வளவுதான்.”

“கும்பிட்டு?”

“பொட்டு வச்சாரு. பெக்டரிக்குப் புது மெசின் வந்தா வைப்பாங்கல்ல, அதுமாதிரி.”

“எங்க வச்சாரு?”

வண்டிக்காரி மடியிலிருந்த வண்டியைப் பார்த்தாள்.

“இதுக்குக் கண்ணு எதுன்னு கேட்டாரு. நான்தான் சென்சரக் காட்டினேன்.”

வண்டியைக் கவிழ்த்தார்கள். சென்சர் நிறையக் குங்குமம். கண்ணாடிக்காரி கைக்குட்டையால் துடைத்து, தன் சட்டைக் கையை நீட்டினாள். திரையில் ‘வெள்ளை’ என்று வந்தது.

“அவிஸ்ஸாவெல்ல, பஹின்ன!” என்று கொண்டக்டர் இறங்கச் சொன்னார்.

வண்டிக்காரி எழவில்லை. கைக்குட்டையில் ஒட்டிய குங்குமத்தை விரலில் எடுத்தாள்.

“பொட்டில்லாம எப்படிடி கொண்டு போறது?”

“முதுகுல வை. அப்பாகிட்ட இனிமே கண்ணக் காட்டாத.”