ஒரு சொட்டுப் பெட்ரோல்

காரின் மைலேஜ் காரில் இல்லை, ஓட்டுகிறவனின் வலது காலில் இருக்கிறது. இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ரைஸ்மில்லை விற்றுவிட்டு, வயசான காலத்தில் அந்தக் காரை வாங்கிய பிறகு நானாகக் கண்டுகொண்டது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கும், மாரிராஜ் சார். அதில் வீட்டிலேயே செருகி சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உண்டு, பெட்ரோல் இன்ஜினும் உண்டு. சார்ஜ் இருக்கும்வரை சத்தமே இல்லாமல் கரண்டில் ஓடும். சார்ஜ் தீர்ந்தாலோ, அவசரப்பட்டு அழுத்தி மிதித்தாலோ இன்ஜின் எழுந்துகொள்ளும். அப்புறம் அது மற்ற பெரிய கார்களைப் போலப் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்துவிடும். மதுரையில் எனக்கு அதை விற்றவரே சொன்னார், "கம்பெனி சொல்ற மைலேஜ் நம்ம ரோட்டுல யாருக்கும் வராது சார்." யாருக்கும் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு வந்தது. கம்பெனி சொன்னதற்கு மேலேயே வந்தது.

என் மனைவி குழல்வாய்மொழிக்குக் கார் வந்ததில் ரொம்ப சந்தோஷம். முதல் வாரமே தென்காசிக் கோயிலுக்குப் போனோம். அவள் தோழி முப்பிடாதியம்மாளும் கூட வந்தார். அந்த அம்மாள் கனத்த சரீரம். திரும்பி வந்து வண்டியின் திரையைப் பார்த்தேன், மைலேஜ் சராசரி இறங்கியிருந்தது. அடுத்த தடவை, "அவங்க பஸ்ஸுல வரட்டும்" என்றேன். குழல்வாய்மொழியும் அந்த அம்மாளோடு பஸ்ஸிலேயே போய்விட்டு வந்தாள்.

ஏசி பேட்டரியைத் தின்னும். சித்திரை வெயிலில் ஒருநாள், "ஏசி கொஞ்சம் போடுதியளா?" என்று கேட்டாள். கண்ணாடியை இறக்கிக்கொள்ளச் சொல்லலாம்தான். ஆனால் இறக்கினால் காற்று எதிர்த்து இழுக்கும், அதுவும் நஷ்டம். முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு கேட்டதில்லை. ஐந்தருவிக்குப் போகும் ஏற்றத்தில் அவளை இறக்கிவிட்டு, மேலே போய்க் காத்திருப்பேன். டாக்டரும் அவளை நடக்கத்தான் சொல்லியிருந்தார். நான் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. வேண்டுமானால் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

சாரல் சீசனுக்கு மகள் ஸ்வாதி சென்னையிலிருந்து வந்திருந்தாள். அன்றைக்குக் காலையில் மூன்று பேருமாக ஐந்தருவிக்குப் போனோம். ஏற்றத்தில் வழக்கம்போல இறக்கிவிட்டேன். தாயும் மகளும் தூறலில் நனைந்துகொண்டே நடந்து வந்தார்கள். குளித்துவிட்டு வீடு திரும்பியதும் காரைச் சார்ஜில் போட்டேன். சாப்பிட உட்கார்ந்த குழல்வாய்மொழி சோற்றைத் தொடவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அமுக்குது, இடது கை கனக்குது என்றாள்.

"கேஸாத்தான் இருக்கும். செத்த படு, சார்ஜ் ஏறட்டும்" என்றேன்.

சார்ஜ் நிறைந்த பிறகுதான் கிளம்பினோம். இங்கே தென்காசியில் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார் டாக்டர். ஊசி போட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணாச்சி, இது அட்டாக்கு. இங்கன வச்சுப் பாக்க வசதியில்ல. திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருங்க. எம்புட்டுச் சீக்கிரம் போறியளோ அம்புட்டு நல்லது. ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?"

என்னிடம் அதைவிட நல்ல வண்டி இருக்கிறது என்றேன். உண்மையும் அதுதானே.

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு முழு சார்ஜில் போய்ச் சேர்ந்துவிடலாம், கால் பதமாக இருந்தால். அதற்கு முன்னால் நான் முயற்சி செய்ததில்லை. நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். பாவூர்சத்திரத்தில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. பின் சீட்டில் தாயின் தலையை மடியில் வைத்திருந்த ஸ்வாதி, "அப்பா, மிதிங்கப்பா. அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது" என்றாள். ஆட்டம் கண்டால் இதயத்துக்கு ஆகாது என்று சொன்னேன். அப்போது அது எனக்கே சரியான காரணமாகத்தான் பட்டது.

"நிறுத்துங்க, நான் ஓட்டுதேன்" என்று கத்தினாள். நிறுத்தி மறுபடி எடுத்தால்தான் அதிகம் செலவாகும். நான் நிறுத்தவில்லை.

அப்போது குழல்வாய்மொழி பேசினாள். "ஏட்டி, அப்பாவ ஒண்ணுஞ் சொல்லாத. பாத்துத்தான ஓட்டுதாவ." அவள் கடைசியாகப் பேசியது அதுதான். என்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசினாள்.

ஸ்வாதி யாருக்கெல்லாமோ போன் போட்டாள். ஆலங்குளத்தில் ஆம்புலன்ஸை ரெடியாக நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். சொன்னபடி நின்றது. நான் பார்த்தேன். மேலே விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது, பின் கதவைத் திறந்து வைத்து ஒருவர் கையைக் காட்டினார். பேட்டரியில் மிச்சமிருந்த தூரத்தைத் திரையில் பார்த்தேன். சரியாக இருந்தது. நேரே போய்விட்டேன். ஸ்வாதி என் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள். எனக்கு வலிக்கவில்லை. காலை மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கொண்டு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்வாதி பின்னாலேயே ஓடினாள். நான் வண்டியை அணைக்கும் முன்பு திரையைப் பார்த்தேன். இன்ஜின் ஒரு தடவைகூட எழவில்லை, ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகவில்லை. அந்த நேரம் என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உள்ளே போனேன். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அங்கே இருந்த டாக்டர் ஸ்வாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மகள் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். அதில் ஒரு இடம் மட்டும் தப்பு. அப்பா பதறிப்போய், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஓட்டினார் என்று எழுதியிருக்கிறாள். பாவம், அதற்கு மேல் நினைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நான் பதறவில்லை. பதறுகிறவனுடைய கால் அப்படி நிற்காது.

நான் சொல்லுவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குழல்வாய்மொழி சாக வேண்டும் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. அந்த ஆம்புலன்ஸைத் தாண்டும்போது, இனி அவள் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது வேறு, இது வேறு.