சும்மாமேடு

மழை சொன்ன சொல்லுக்குப் பேஞ்ச காலமுங்க அது. ஊசிப்பாளையம், ஊசிப்பாளையம்னு ஒரு ஊரு. அங்க கொமரணன்னு ஒருத்தன். ஊருக்குப் பொதுவா இருந்த பந்தயக்குதிரைக்குத் தீனி போடறவன், தண்ணி காட்டறவன் எல்லாம் அவன்தான். குதிரை பேரு சுழியன். பந்தயத்துக்குத் தமுக்கு அடிச்சா சுழியன் முன்னால போகுமாம், மத்ததெல்லாம் புழுதி தின்னுக்கிட்டுப் பின்னால வருமாம். தோத்ததே இல்லையாம்.

வயசாகி ஓட்டம் கொறஞ்சதும், இனி குட்டி எடுக்கலாம்னு ஊர்ல பேசி முடிச்சாங்க. அக்கம்பக்கத்து ஊர்க்காரங்கெல்லாம் பொட்டைக்குதிரையப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. இதுல ஒரு மொறை இருக்குதுங்க. பொட்டைக்குதிரை மனசு தெரியாமக் கிட்ட விட்டா, உதைச்சுக் காலை ஒடிச்சுப்போடும். அதனால மொதல்ல ஒரு சாதாக்குதிரைய மோந்து பாக்க விடுவாங்க. பொட்டை இணங்கி நின்னா, சாதாக்குதிரைய இழுத்துக் கட்டிப்போட்டுட்டு சுழியன விடுவாங்க. அந்தச் சாதாக்குதிரை மண்டையன். சுழியனுக்குக் கூடப்பொறந்தவன்தான். ஆனா ஓடச்சொன்னா புல்லப் பாத்து நிப்பான். பாவம், அவனுக்கு மோந்து பாக்கறதோட சரி.

குட்டிக பொறந்துச்சு. அழகுன்னா அழகு. தமுக்கு அடிச்சா படுத்துக்குமாம். அடுத்த வருசத்துக் குட்டிகளும் படுத்துக்குச்சாம். வீராத்தான்னு ஒரு பொம்பளையோட பொட்டைக்குதிரை போட்ட குட்டி மட்டும் பந்தயத்துல பிச்சுக்கிட்டு ஓடி ஜெயிச்சுது. அதான் சுழியன் ரத்தம்னு ஊரே பூரிச்சுது. வீராத்தா வாயப் பொத்திச் சிரிச்சுக்கிட்டே சொன்னாளாம்,

"கொமரணன் சுழியன அவுக்கப் போனப்ப மண்டையன் கவுத்த அத்துக்கிட்டு முந்திக்கிட்டானுங்க. சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்துபோட்டேன். இது மண்டையன் குட்டி."

அவ்வளவுதான். கொள்ளும் வெல்லமும் மண்டையனுக்குப் போச்சு. சுழியனக் காயடிச்சு வண்டிக்காரனுக்கு வித்துப்போடலாம்னு ஊரு கூடுச்சு. கூட்டத்துல வாயே தொறக்காத கொமரணன், அன்னைக்கு எந்திரிச்சு நின்னுட்டான்.

ஊர்க்கவுண்டர் கேட்டாராம், "ஓட்டமும் போச்சு, குட்டியும் செரியில்ல. சும்மா நின்னு திங்கறதுக்கு என்னத்துக்கு கொமரணா குதிரை?"

கொமரணன் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டே சொன்னானாம், "ஓடுன்னு சொன்னோம், ஓடுனானுங்க. ஓடற குட்டியக் குடுன்னா அது அவன் கையிலயா இருக்குது? அவங்கிட்ட இருந்தது ஓட்டம், அத ஒண்ணு விடாம நமக்குக் குடுத்துப்போட்டான். இனி அவன் சும்மா இருக்கட்டுமுங்க."

கவுண்டர், ஊருக்குக் கெழக்கால இருந்த தன்னோட மேட்டுக்காட்டக் கைகாட்டி, "செரி, அங்க சும்மா இருக்கட்டும்"னு எந்திரிச்சுப் போயிட்டாராம். சுழியன் அங்கயே மேஞ்சு, தொந்தி வெச்சு, கெழடாகித்தான் செத்துச்சு.

இன்னைக்கும் அது சும்மாமேடுதானுங்க. உழுது ஓஞ்ச மாட்ட, வண்டி இழுத்துத் தேஞ்ச குதிரைய அங்க அவுத்து விட்டுட்டு வருவாங்க. அதுக போடற சாணியக்கூட ஆரும் அள்ள மாட்டாங்க. அதுககிட்ட இருந்து இனி எதையும் எடுக்கக் கூடாதாம்.