நாலா, எட்டா?

— பொன்னுதுரைதான் கையை வச்சிருப்பார்னு காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பேச்சு, ஜெயா. நான் ஒண்ணும் பரப்பல. கேட்டவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்.

— கேக்காதவங்க யாரு பாக்கியக்கா மிச்சம்?

— அது கிடக்கட்டும். உன் வீட்டுக்காரர் உள்ள என்ன எழுதுறார்?

— பூக்காட்சி கமிட்டிக்குக் கடுதாசி. பொறாமையில என் ஆர்கிட்டைக் கெடுத்துட்டார், பொன்னுதுரையை நடுவர் வேலையிலேர்ந்து தூக்குங்கன்னு.

— ஐயோ! ஜப்பான்காரன் காலத்துல ஒரே மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுத் தின்ன சிநேகிதங்க. ஒரு பூவுக்காகவா?

— ஒரு பூவா? ஹோண்டுராஸ்லேர்ந்து கப்பல்ல வந்த செடி, அக்கா. ஏழு வருஷம் வெறும் இலையைக் காட்டிட்டு, மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வருதுன்னு யாரோ சொன்ன மாதிரி இப்பப் பூத்துச்சு. அதை இவர் கட்லேயாங்கிறார், அவர் லேலியாங்கிறார்.

— ரெண்டும் எனக்குக் கான்வென்ட் பிள்ளைங்க பேரு மாதிரிதான் கேக்குது.

— பூவுக்கு நடுவுல சின்ன மூடி இருக்கும். அதுக்குள்ள மகரந்தம், கடுகு மாதிரி மஞ்சள் மஞ்சளா. நாலு இருந்தா கட்லேயா, எட்டு இருந்தா லேலியாவாம். கமிட்டிக்காரங்க முன்னால எண்ணுறதா இருந்துச்சு. இவர் காலையில போய்ப் பார்த்தா உள்ள ஒண்ணுமே இல்ல. மகரந்தம் போனதுல பூவும் துவண்டு கிடக்கு.

— நேத்து மத்தியானம் பொன்னுதுரை வந்து குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாரே. வேலிக்கு மேல நானே பார்த்தேன்.

— நீங்க பார்க்காதது என்ன இருக்கு... அக்கா, அந்த அண்ணன் தொடவே இல்ல. நான்தான்.

— அலாமா! நீயா?

— சாயந்தரமானா எலுமிச்சை வாசம் ஆளைத் தூக்குது. காட்சி முடிஞ்சதும் பிள்ளையாருக்குச் சாத்துறதா வேண்டிக்கிட்ட பூ. சாமிக்கு முன்னால முகரக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சும் மூக்கை விட்டுட்டேன். காலையில கண்ணாடியைப் பார்த்தா, மூக்குத்தியில மஞ்சளா ஒட்டியிருக்கு.

— வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியா?

— எந்த வாயால சொல்ல? எனக்காக நல்ல மனுஷன் பேரு கெடுது. ஒட்டியிருந்ததை எல்லாம் குங்குமச் சிமிழ்ல எடுத்து வச்சிருக்கேன், இந்தா பாருங்க.

— எத்தனை இருக்கு?

— நாலு. அதான் ஒரு தைரியம். காலைப் பிடிச்சு, "பூ போனாலும் நீங்க சொன்னதுதான் சரி, கட்லேயாதான்"னு காட்டினா அந்தக் கடுதாசியைக் கிழிச்சிடுவார். தப்பாச் சொன்னவர்னு பொன்னுதுரை அண்ணனுக்கு ஒரு பேரு வரும். வந்துட்டுப் போவட்டும், திருடன்கிற பேருக்கு அது தேவல... எங்க எழுந்திரிக்கிறீங்க?

— அடுப்புல பாலு.

— கேக்கணும்னே இருந்தேன். இன்னிக்கு மூக்குத்தி போடலியா?

— திருகு கழண்டுருச்சு... ஜெயா, அந்தச் சிமிழை மூடாத.

— ஏன்க்கா?

— லேலியாதான்டி. மீதி நாலு, மூக்குத்தியோட என் முந்தானையில முடிஞ்சிருக்கு.